கம்பளிக்குள் பச்சைப் புள்ளி

அவரிடம் எதையும் போகிறபோக்கில் சொல்லிவிட முடியாது. "பஸ்சு போயிருச்சுக்கா" என்று சொன்னால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "போறதப் பாத்தியா? இல்ல, போன மாதிரி இருந்துச்சா?"

அந்தக் கேள்வியில் கிண்டல் இருக்காது. தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். பார்த்தேன் என்றால் அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. இல்லைக்கா, ஸ்டாண்டில் பஸ்ஸைக் காணோம், அதனால் போயிருக்கும் என்று நினைத்தேன் என்றால், "அப்ப அப்பிடிச் சொல்லு" என்று மறுபடி குனிந்துகொள்வார். என் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை நல்ல குணம் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டபோது, அவர் ஒருத்தர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குணத்தை யார் பார்த்தது என்று விசாரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு நாள் அவருடைய கடைப் பக்கம் போகவில்லை.

போடியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு கட்டடம் தள்ளி அவருடைய தம்பியின் ஏலக்காய்க் கடை. அதன் பக்கவாட்டில், முன்பு காலிச் சாக்குகள் போட்டுவைத்திருந்த ஒரு சின்ன அறையில் அவர் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். போர்டு கிடையாது. ஊருக்கு அவர் ரேடியோக்கார அக்கா. போடிமெட்டு எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிறவர்களுக்கு ரேடியோ சேச்சி. பெயர் எனக்குத் தெரியும். தன் பெயரை எதிலும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. ரிப்பேருக்கு வந்த ரேடியோவின் முதுகில் ஒட்டுகிற சீட்டில்கூட என்ன கோளாறு, என்ன மாற்றினோம் என்று மட்டும்தான் இருக்கும். அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

பள்ளிக்கூடம் முடித்ததும் பெங்களூருக்குப் போய், ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இருந்தவர். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அட்டைகளில் சின்னச்சின்ன பாகங்களைப் பற்றவைப்பார்களாம். அப்படிச் செய்த அட்டை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இவர் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடும், கருப்புக் கம்பளியில் சுற்றிய ஒரு கனமான பொட்டியோடும் ரயிலை விட்டு இறங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரோ ஏமாற்றிவிட்டதாக ஊரில் பேச்சு. பல வருஷம் கழித்து நான் நேரடியாகவே கேட்டேன்.

"ஒரு அட்டைக்கு நாப்பது செகண்டு குடுப்பாங்க. எனக்குப் பத்தலை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வேறு காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

கம்பளியில் சுற்றி வந்த அந்தப் பொட்டிதான் ஆசிலாஸ்கோப். தொழிற்சாலையில் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்திருந்தார். அரிசி டின் அளவு இருக்கும். முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, சுற்றிலும் திருகுகள். சுவிட்சைப் போட்டால் உள்ளே வால்வுகள் சூடேறக் கால்மணி நேரம் ஆகும். பிறகு ஒரு பச்சைப் புள்ளி தோன்றி இடமிருந்து வலமாக ஓடும். மின்சாரம் ஏறினால் புள்ளி மேலே எம்பும், இறங்கினால் கீழே வரும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற மின்சாரமாக இருந்தால், புள்ளி அதே கோட்டை ஓயாமல் போட்டுக்கொண்டே இருப்பதால் படம் வரைந்த மாதிரி அசையாமல் நிற்கும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எப்போதோ ஒருதரம் வந்து, கண் இமைக்கிறதற்குள் போய்விடுகிற துடிப்பைப் பார்ப்பதுதான் கஷ்டம். புள்ளி ஒரு எம்பு எம்பும். அதுவும் பனிக்காலத்து மூச்சுக்காற்று மாதிரி மங்கலாக. அதற்குள் நீங்கள் இமைத்திருந்தால் போனது போனதுதான். அந்தப் பொட்டிக்கு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது.

வெளிச்சத்தைக் கூட்ட ஒரு திருகு இருந்தது. அக்கா அதைத் தொடமாட்டார். முன்பு யாரோ அதை முழுக்கத் திருகிவைத்ததில் கண்ணாடியின் நடுவில் மிளகு அளவு கருகிப்போயிருந்தது. அதனால் வெளிச்சத்தைக் கூட்டாமல், தன்னைச் சுற்றி இருட்டாக்கிக்கொள்வார். தலையோடு கம்பளியைப் போர்த்தி, அதன் மறுநுனியைப் பொட்டியின்மேல் இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். கண் பழகவே பத்து நிமிஷம் வேண்டும், அதுவரை எதுவும் பேசாதீர்கள் என்பார். சித்திரை வெயிலிலும் இப்படித்தான். வெளியே வரும்போது முகம் வெந்து சிவந்திருக்கும், ரவிக்கை நனைந்து ஒட்டியிருக்கும். தெருவில் போகிறவர்கள், உள்ளே என்ன படம் ஓடுது என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை சினிமாக் கொட்டகையின் ஸ்பீக்கர் அரைமணிக்கு ஒருமுறை வெடி வெடித்த மாதிரி சத்தம் போட்டது. மதுரையிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் மாற்றியும் சரியாகவில்லை. அக்கா பொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ஆபரேட்டர் அறையில் ஒரு மத்தியான ஆட்டம் முழுவதும் கம்பளிக்குள் இருந்தார். முடிந்ததும் முதலாளி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ரெண்டு தடவ வந்துச்சு. ஒண்ணத்தான் பாத்தேன். நாளைக்கும் வர்றேன்" என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு ஆத்திரம். அக்கா மறுநாளும் போய்ப் பார்த்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டார். அதற்கப்புறம் அந்தச் சத்தம் வரவில்லை.

இந்தக் குணத்தால் அவரைச் சிலருக்குப் பிடிக்காமலும் இருந்தது. தம்பியின் கடையில் ஏலக்காய் பொறுக்கித் தரம்பிரிக்க இருபது பெண்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தி மடியில் காய் ஒளித்துக்கொண்டு போனதாக மேஸ்திரி சொல்லி, அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அக்கா வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் மேஸ்திரியிடம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அந்த ஆள் மழுப்பினார். இவர் விடவில்லை. கடைசியில் அவர், மடி கனத்த மாதிரி தெரிந்தது என்றார். அந்தப் பெண்ணைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி இருந்தவரைக்கும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. தம்பியும், இப்படி நாலு பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம் என்று வருத்தப்பட்டார். எனக்குமே அவரிடம் பேசப்போகும்போது, எதைச் சொல்லி மாட்டிக்கொள்ளப்போகிறோமோ என்று ஒரு கூச்சம் இருந்துகொண்டேயிருக்கும்.

அந்தக் கூச்சம் போனது என் அம்மாவால்.

எண்பதுகளின் நடுவில் அம்மாவுக்கு இதயத்துடிப்பு மிகவும் குறைந்துபோய், மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவி. அதிலிருந்து ஒரு கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போகும். முக்கால் விநாடிக்கும் சற்றுக் கூடுதலான இடைவெளியில் அது ஒரு சின்ன மின்துடிப்பைக் கொடுக்கும், உடனே இதயம் ஒருதரம் துடிக்கும். எட்டு மாதம் அம்மா நன்றாக இருந்தாள். அதன்பிறகு ஒருநாள், ஈரச்சேலையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். இரண்டு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பத்து நாள் கழித்து மறுபடியும்.

எங்கள் அண்ணன் அவளை மதுரைக்குக் கூட்டிப்போனார். படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கருவி நன்றாக ஓடுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை விழுந்தபோதும் அதேதான். அண்ணன் கெட்டவரில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற சமயம் அது. தினமும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர். "மதுரையில பாத்தாச்சு. மிஷின் நல்லாத்தான் ஓடுதுங்கிறாக. ஒனக்குப் பயம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சலித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அம்மா விழுந்தாலும் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் அம்மா வீட்டுக்குப் போனபோது குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை கன்றிப்போயிருந்தது. என்னம்மா என்றேன். சும்மா காற்றாட உட்கார்ந்தேன் என்றாள். குளியலறையில் என்ன காற்று.

மறுநாள் ஒரு டிரான்சிஸ்டரை ரிப்பேருக்குக் கொடுக்கப்போனவள், அக்காவின் கடையில் நின்றபடி அழுதுவிட்டேன். என்னவென்று கேட்டார். சொன்னேன். வழக்கம்போல நடுவில் பேசாமல் கேட்டுவிட்டு, ஈ.சி.ஜி. எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்றார். ஒரு நிமிஷம் இருக்கும் என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் அம்மாவுக்கு மயக்கம் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப மயக்கம் வர்றப்ப அந்தத் துடிப்பு இருந்துச்சா, இல்லையான்னு யாருமே பாக்கலை" என்றார்.

எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், இந்தப் பொட்டியை அம்மாவின் உடம்பில் ஒட்டிப் பார்க்கலாமே என்பதுதான். அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. கரண்டில் ஓடுகிற சாமானிலிருந்து ஒரு நூல் கம்பிகூட அவள்மேல் படக்கூடாது, அதைக் கனவிலும் நினைக்காதே என்றார். பிறகு என் டிரான்சிஸ்டரையே எடுத்துக் காட்டினார். பேட்டரியில் ஓடுகிற ரேடியோவை, நிலையம் எதுவும் வராத இடத்தில் திருப்பிவைத்து அந்தக் கருவிக்குப் பக்கத்தில் பிடித்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ரேடியோ 'டிக்' என்னும். கம்பியில் மின்சாரம் போனால்தான் அந்தச் சத்தம். ரேடியோவிலிருந்து, அவள்மேல் படாமல், பொட்டிக்கு ஒரு வயர் இழுத்தால் கண்ணாலும் பார்க்கலாம். அப்படியிருந்தும், எங்கள் உள்ளூர் டாக்டரிடம் போய், ரேடியோவை நெஞ்சருகில் வைப்பதால் ஒன்றும் ஆகாது என்று அவர் வாயால் சொல்லக் கேட்டபிறகுதான் சம்மதித்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, ரேடியோவை ஒரு துண்டால் தோளருகே கட்டினார். பொட்டி சூடேறியது. அக்கா கம்பளிக்குள் போனார். ரேடியோ டிக், டிக் என்றது. அம்மா ஆச்சரியத்தோடு குனிந்து, "எம்புட்டுச் சத்தம் போடுது பாரு" என்றாள்.

அந்த நாள் வீணாகப் போனது. மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் அந்தத் தெருவில்தான் நிற்கும். ஒவ்வொரு ஜீப்பு கிளம்பும்போதும் ரேடியோ கரகரவென்று பொரிந்தது. திரையெல்லாம் புல் முளைத்த மாதிரி ஆகிவிடுகிறது, அதற்குள் நம் துடிப்பு எதுவென்று தெரியவில்லை என்றார் அக்கா. டிரைவர்களிடம் போய், மூன்று நாளைக்கு மத்தியானங்களில் அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லிக் கேட்டார். முணுமுணுத்தார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேருடைய ரேடியோக்கள் அவர் கையால் பிழைத்தவை. ஒருத்தர், "சேச்சி பறஞ்சா சரி" என்று வண்டியை எடுத்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம். ஒரு துடிப்புகூடத் தவறவில்லை. அம்மா தூங்கிப்போனாள். கம்பளியை விலக்கி வெளியே வந்த அக்கா, கண்ணைக் கசக்கிக்கொண்டு, எல்லாம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

புதன்கிழமை ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். காற்றில்லாமல் புழுங்கியது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முடியை அள்ளி முடிந்தாள். ரேடியோ ஏதோ தடுமாறிய மாதிரி எனக்குப் பட்டது. கம்பளிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. சாதாரணக் குரல்தான், ஆனால் வேகமாக.

"கைய எறக்குங்க பெரியம்மா."

அம்மா எனக்குப் பக்கத்தில் வெளுத்துப்போயிருந்தாள். கண் மேலே செருகியது. நான் அவள் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்தேன். ரேடியோ மறுபடி டிக், டிக் என்றது. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அக்கா வெளியே வந்தார். மூன்று துடிப்புகள் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை, புள்ளி நேராகப் போய்விட்டது என்றார். ரேடியோவில் தவறியிருந்தால் மற்ற இரைச்சலும் நின்றிருக்கும், இரைச்சல் அப்படியே இருந்தது, துடிப்பு மட்டும்தான் இல்லை என்றார்.

அக்கா துண்டை அவிழ்க்கப் போனார். போதும், இனிமேல் வேண்டாம், டாக்டரிடம் போகலாம் என்றார். ஒரே ஒருமுறை பார்த்ததை வைத்து யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இன்னொரு தடவை கையைத் தூக்குங்கள் என்று அவளிடம் யார் சொல்வது.

அம்மாவே பேசினாள்.

"நான் தூக்குறேன் தாயி. நீ உள்ள போய்ப் பாரு. எத்தன நாளைக்குத்தான் பொய்க்காரியாவே இருக்கிறது?"

நான் அவள் பின்னால் நின்று இரண்டு முழங்கைகளையும் பிடித்துக்கொண்டேன். அக்கா கம்பளிக்குள்ளிருந்து 'ம்' என்றதும் அம்மா கையைத் தூக்குவாள். 'எறக்குங்க' என்றதும் நான் இறக்கிவிடுவேன். இடையிடையே நெடுநேரம் ஓய்வு. எத்தனையோ தடவை தூக்கினாள். பல தடவை ஒன்றும் ஆகவில்லை. அப்படி ஒன்றும் ஆகாதபோது, சொல்லக்கூடாது, எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மாவுக்கு மயக்கம் வரவேண்டும் என்று அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டேன். நாலு மணிக்கு மேல் அக்கா சுவிட்சை அணைத்தார்.

அன்று மாலையே ஒரு முழுத்தாளில் எழுதிக்கொடுத்தார். எந்தக் கை எந்த உயரத்தில் இருந்தது, எத்தனை துடிப்பு விட்டுப்போனது, அப்போது நோயாளி எப்படி இருந்தார் என்று வரிசையாக, தமிழில். கையெழுத்து மட்டும் இல்லை. நான் கெஞ்சியபிறகு, எல்லாவற்றுக்கும் கீழே பெயரை எழுதினார். உள்ளூர் டாக்டர் அதைப் படித்துவிட்டு, இந்தத் தடவை சிரிக்காமல், மெட்ராஸுக்கு ஒரு கடிதம் வைத்துக் கொடுத்தார்.

அண்ணன் ஜீப்பை மலையிலேயே விட்டுவிட்டு எங்களோடு ரயிலேறினார். மதுரை தாண்டியபிறகு அம்மாவின் முழங்கைக் காயத்தைப் பார்த்துவிட்டு, இது எப்போது விழுந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். அதற்கு முந்தியது என்று கேட்டார். அதையும் சொன்னாள். சொல்லச்சொல்ல அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெட்ராஸில் எங்கள் நேரம், எத்தனை தடவை கையைத் தூக்கியும் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் விழவில்லை. எக்ஸ்ரேயிலும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. ஒரு இளம் டாக்டர், ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் சொன்னதற்காக மறுபடி அறுக்கமுடியுமா என்று அண்ணனிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிய டாக்டர் மட்டும் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, அதை வாய்விட்டு இன்னொரு தடவை படித்தார்.

"மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை பார்த்த மாதிரி இருந்தது. அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இத எழுதினவங்க மூணு தடவை பாத்திருக்காங்க" என்றார். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று நர்ஸிடம் சொன்னார்.

அந்த மறுநாள் காலை எப்படிப் போனது என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்து எங்களைக் கூப்பிட்டார். ஒரு எவர்சில்வர் தட்டில் பழைய கம்பி சுருண்டு கிடந்தது. மேலே இருந்த உறையில் ஒரு கீறல்கூட இல்லை. தோளெலும்புக்குக் கீழே வருகிற இடத்தில் அதை லேசாக வளைத்துக் காட்டினார். உள்ளே உலோகம் முறிந்திருந்தது. நேராக இருந்தால் முறிந்த முனைகள் தொட்டுக்கொள்ளும். கை உயர்ந்தால், சில தடவை மட்டும், விலகிவிடும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் விலகினது விலகினபடியே இருந்திருக்கும் என்றார். புதுக் கம்பி போட்டாகிவிட்டது, அம்மா விழித்துவிட்டாள் என்றும் சொன்னார்.

அண்ணன் சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அன்று மத்தியானம் டிரங்க் கால் போட்டு, ஏலக்காய்க் கடை நம்பரைக் கேட்டேன். அக்காதான் எடுத்தார். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். கம்பி முறிந்திருந்தது, என் கண்ணால் பார்த்தேன், அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி முடித்தேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை அக்கா, அக்கா என்றேன். ஏலக்காய் புடைக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. டிரங்க் காலுக்கு உரிய மூன்று நிமிஷம் முடிகிற நேரத்தில், "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

பதினாறு நாள் கழித்து ஊர் திரும்பினோம். போடி ரயில் நிலையத்தில் கூட்டமில்லை. மலைப்பக்கம் சாரல் விழுந்து, காற்று சில்லென்றிருந்தது. அக்கா பிளாட்பாரத்தில் தனியாக நின்றிருந்தார். ஆள் இளைத்துப்போயிருந்தார். நாங்கள் போனதிலிருந்து அவர் கடையைத் திறக்கவில்லை என்று அவருடைய தம்பி பிறகு சொன்னார். ரிப்பேருக்கு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாராம்.

அண்ணன் அவர் முன்னால் போய்க் கைகூப்பினார். அக்கா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"நான் தப்பாப் பாத்திருந்தா, பெரியம்மா" என்று ஆரம்பித்தார். "நல்லா இருந்த கம்பிக்காக ஒங்கள அறுத்திருந்தா..."

அம்மா பையைக் கீழே வைத்தாள். தன் வலது கையை நீட்டி, மணிக்கட்டை மேலே திருப்பிக் காட்டினாள்.

"இந்தா தாயி, புடிச்சுப் பாரு."

அக்கா அம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். நாடி எங்கே என்று தெரியாமல் விரல்கள் கொஞ்சம் அலைந்தன. பிறகு கிடைத்துவிட்டது. கண்களை மூடிக்கொண்டார்.

ரயிலில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். எங்களைக் கூட்டிப்போக வந்த ஜீப்பு வாசலில் ஆரன் அடித்தது. அண்ணன் கையசைத்து டிரைவரைப் பொறுக்கச் சொன்னார். அக்கா கையை எடுக்கவில்லை. மூடிய இமைகளுக்குக் கீழிருந்து கண்ணீர் வழிந்து கழுத்துவரை இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. அம்மா இன்னொரு கையால் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தபடி நின்றிருந்தாள்.